மூளிக் கப்பு

உப்பள முதலாளி ஆதிமூலத்தின் வீட்டில் ஆறு பீங்கான் கப்புகள். ஒன்று மட்டும் விளிம்பு உடைந்த மூளி. புது மருமகள் கலைமதி அதை எம்சீலால் அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை நெயில் பாலிஷ் பூசினாள்.

மறுநாள் ஆதிமூலம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, மாமியார் அம்சவல்லி அலமாரியைத் திறந்து அலறினாள்.

"மூளிக் கப்பு எங்கடி?"

"ஒட்டிட்டேன் அத்தை. இப்ப ஆறும் ஒரே மாதிரி இருக்குது பாருங்க."

"அடிப்பாவி! உப்பளத்துக்கு வர்ற காலனி ஆளுங்களுக்குன்னு தனியா வச்சிருந்த கப்புடி அது! இனிமே எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

ஆதிமூலம் வாயிலிருந்த டீயை விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல் விழித்தார்.

"கண்டுபிடிக்க முடியாதுங்க அத்தை. அதுக்குத்தானே ஒட்டினேன்" என்ற கலைமதி திரும்பினாள். "மாமா, இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?"