உள்ளங்கை அகல மீன்

உறைந்த ஏரியின் மேல் நாலு மணிக்கே வெளிச்சம் சாம்பலாகிறது. பனிக்கட்டியில் துளைத்த ஓட்டையருகே லோர்னா வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறாள். மூன்று நாளாகச் சாப்பாட்டைத் தொடாத அவள் அப்பா, இன்று வறுத்த மீன் கேட்டிருக்கிறார். பக்கத்துக் கூடாரத்து ராய்ஸ், மீன் நடமாட்டம் காட்டும் திரை, ஹீட்டர், ஐந்து தூண்டில்கள் சகிதம் எங்கள் ஏரியின் பல்கலைக்கழகம். காலையிலிருந்து அவருக்குப் பிடித்தது சளி மட்டும்தான். "வால்ஐ மாதிரி பெரிய மீனெல்லாம் இருட்டுற நேரத்துலதான் வரும், லோர்னா. தூண்டிலை ரொம்ப ஆட்டாதே" என்று பூட்ஸ் நறநறக்க வந்து நிற்கிறார். கீழே உள்ள மீன்களுக்கும் அந்த உபதேசம் கேட்டிருக்கும். தூண்டில் நுனி லேசாக வளைகிறது. மேலே வருவது உள்ளங்கை அகல சன்ஃபிஷ் மீன். பனியில் இரண்டு முறை துள்ளிவிட்டு விறைக்கத் தொடங்குகிறது. "அதைத் திருப்பி விட்டுடு. அரை மணி பொறு, பெரிசு வரும். பெத்த அப்பனுக்கு இதையா கொண்டுபோய்க் குடுப்பே?" லோர்னா தூண்டிலைச் சுருட்டுகிறாள். "ரெண்டு வாய்க்கு மேல அவருக்கு இறங்காது, ராய்ஸ். அரை மணி கழிச்சு அதுவும் இறங்குமான்னு தெரியல." எழுந்து வாளியை நிமிர்த்தி மீனை அதில் போடுகிறாள். வாளிக்குள் அந்த ஒற்றை மீன் கட்டையாகி டொக்டொக்கென்று முட்ட, அவள் கரையை நோக்கி வேகமாக நடக்கிறாள்.