பெட்டி நிரப்பிய புள்ளிகள்

கோமளவல்லியின் கல்யாண டிவிடியில் அவள் தம்பி சேந்தன் ஏழு விநாடிகள் வருகிறான். பந்தியில் சாம்பார் வாளியோடு நிமிர்ந்து, எதிரே நின்ற அவளிடம் ஏதோ சொல்கிறான். ஸ்டுடியோக்காரர் அந்த இடத்தில் பேச்சை எடுத்துவிட்டு நாதஸ்வரத்தைப் போட்டிருந்தார். அன்று மண்டபத்தை விட்டுப் போனவன் பதினொரு வருடமாகத் திரும்பவில்லை. என்ன சொன்னான் என்பது, மாலையும் களைப்புமாக நின்ற அவளுக்கு நினைவில் இல்லை.

புதிய ஹெச்டி டிவியில் அவன் வாய் கலங்கிப்போய்த் தெரிந்தது. கடைக்குப் போய், படத்தைத் தெளிவாக்கிக் காட்டும் டிவிடி பிளேயர்களில் இருப்பதிலேயே மலிவானதைக் கேட்டாள்.

“பளிச்சுனு தெரியும்மா. ஆனா டிஸ்க்குல இல்லாத புள்ளியெல்லாம் இந்தப் பெட்டியே யூகிச்சுப் போட்டுக்கும். பாதி நெசம், பாதி அதோட நெனப்பு” என்றார் கடைக்காரர்.

“பாதி அவன்தானே? குடுங்க.”

வீட்டில் திரைக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். ரிமோட்டை அழுத்த அழுத்தப் படம் ஒவ்வோர் அசைவாக நகர்ந்தது. அவன் உதடு குவிந்தபோது குவித்தாள், விரிந்தபோது விரித்தாள். நாற்பது தடவைக்கு மேல் ஆயிற்று. தாடை வலித்தது. விடவில்லை. மறுபடி முதலிலிருந்து ஓட்டி, இந்த முறை உதட்டசைவோடு மூச்சையும் சேர்த்து விட்டாள். அவளறியாமல் குரலும் வந்தது.

அடுக்களையிலிருந்து கணவர் எட்டிப் பார்த்தார்.

“இப்ப வந்துடறேன்னு சொன்னியே, எங்க கெளம்பிட்டே?”

அவள் விரல் ரிமோட்டில் அப்படியே நின்றது. திரையில் தம்பி இன்னும் வாயை மூடவில்லை.