கழற்றி வைத்த சிலிண்டர்

சீமைக்குத் திரும்பிய எஸ்டேட் துரையிடம் வாங்கிய பழைய கார் அது. அதன் பிரேக் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி மதில்மேல் வைத்துவிட்டு, தாணு புதியதை மாட்டியிருந்தார். ஆயில் ஊற்றி, நான்கு சக்கரத்தின் பிரேக் குழாய்களிலும் புகுந்திருந்த காற்றை எடுத்தாயிற்று. ஆனாலும் பெடல் தொப்பென்று அடிவரை போயிற்று. சாயங்காலம் செங்கோட்டை ஸ்டேஷனிலிருந்து நிறைமாத மகளை அழைத்துவர வேண்டும்.

“ஏட்டி, நல்லா அமுக்கு!” என்று காருக்கு அடியிலிருந்து கத்தினார்.

“இன்னும் எத்தன மட்டந்தான் அமுக்கச் சொல்லுதீய? காலு கடுக்குது” என்றாள் டிரைவர் சீட்டிலிருந்த மனைவி சண்முகசுந்தரி.

எரிச்சலோடு வெளியே வந்தவரின் பார்வை மதிலில் நிலைத்தது. அவள் பெடலை மிதிக்க மிதிக்க, எதோடும் இணைக்காமல் கிடந்த பழைய சிலிண்டரில், பெடல் தள்ளும் தண்டு உள்ளே போய் வந்தது.

“போதும், இறங்கி வா.”

“இத முதல்லயே சொல்லக் கூடாதா?” என்று முனகிக்கொண்டே வந்து அவர் பக்கத்தில் நின்றவள், சிலிண்டரைப் பார்த்ததும் காரைத் திரும்பிப் பார்த்தாள்.

காரில் யாரும் இல்லை. நீண்ட இறக்கத்தில் யாரோ நிதானமாக பிரேக் பிடித்துப் போவதுபோல, தண்டு கொஞ்சம் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தது. பிறகு, எதிரே திடீரென்று எதையோ கண்டதுபோல, ஒரே மிதியில் முழுவதுமாக உள்ளே போயிற்று.

வெளியே வரவேயில்லை.