ரேடியோவின் மகள்

"அட, நம்ம ரேடியோவோட பொண்ணா! உக்காரும்மா, உக்காரு."

ஃபோர்மேன் நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்பாவைப் பற்றி விசாரிக்க வந்த டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை.

"ரேடியோ யாருன்னு எனக்குத் தெரியாதுங்க. போன வாரம் தவறிப்போனாரே, மூணாம் நம்பர் பிரஸ் மெஷின்ல இருந்தவர், அவரோட பொண்ணு நான்."

"அவரைத்தாம்மா சொல்றேன். இங்க அவர் பேரே ரேடியோதான். ஷெட்டுக்குள்ள கால் வெச்சா ஆன் ஆகும். வெளிய போறப்பதான் ஆஃப்."

டீச்சர் விழித்தாள். இவர் வேறு யாரையோ சொல்கிறாரோ?

மறுநாள் தொழிலாளர்கள் இரங்கல் கூட்டம் வைத்திருந்தார்கள். குடும்பத்தின் சார்பில் அவள் பேச வேண்டும். நாற்பது பிள்ளைகள் முன்னால் மூச்சுவிடாமல் பேசுகிறவளுக்கு, பெற்ற அப்பாவைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுத வரவில்லை. 'என் தந்தை கடுமையாக உழைத்தார்.' அவ்வளவுதான். அதற்குமேல் பேனா நகர மறுத்தது. கூட வேலை பார்த்தவர்களிடம் கேட்டால் இன்னும் நாலு வரி தேறும் என்றுதான் இந்தத் தகர டப்பா தொழிற்சாலைக்கு வந்திருந்தாள்.

முப்பத்தோரு வருடம் அப்பா இங்கேதான் உழைத்தார். காலையில் போவார், சாயங்காலம் வருவார். குளியல், சாப்பாடு, பேப்பர். நேரில் நின்று எதையாவது கேட்டால் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு 'ம்' கொட்டுவார். பள்ளியில் முதல் மார்க் வாங்கிய அன்று வாசலிலிருந்தே "அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தவர் திரும்பக்கூட இல்லை. ஹாஸ்டலிலிருந்து போன் செய்தால் அம்மாதான் எடுப்பாள்.

"அப்பாகிட்ட குடும்மா."

"அவர் சுபாவம் தெரியாதா உனக்கு? நல்லா இருக்கார். நீ சாப்டியா?"

அந்த மனிதரா ரேடியோ?

டீயோடு வந்த வெல்டரை ஃபோர்மேன் பிடித்துக்கொண்டார். "இந்தாப்பா, இவங்க யாருன்னு சொல்லு பாப்போம்? நம்ம ரேடியோ பொண்ணு!"

வெல்டர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். "என்ன மனுஷன்மா அவரு! கதை சொல்ல ஆரம்பிச்சா வயிறு வலிச்சுடும். அவரை நிறுத்தணும்னா கையைப் பிடிச்சாத்தான் உண்டு. அதுல முக்கால்வாசி உங்க கதைதான். நீங்க சைக்கிள் பழகறப்போ பூத்தொட்டியோட போய் விழுந்தீங்களே, அதை மட்டும் ஒரு மாசம் ஓட்டினாரு."

"அவர் சிரிப்பாரா?" டீச்சர் கேட்டாள்.

"சிரிப்பாராவா! வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி நீங்க கண்ணாடி முன்னால நின்னு பாடம் நடத்திப் பார்ப்பீங்களாமே, பென்சிலை ஆட்டி ஆட்டி? அப்படியே செஞ்சு காட்டினாரு. நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம்."

அவளுக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு அப்பா பேப்பரில் தலையைப் புதைத்தபடி அல்லவா இருந்தார்? ஊருக்கெல்லாம் சிரிப்பு, வீட்டுக்கு மட்டும் உம்மணாமூஞ்சியா? பெருமைப்படுவதா, கோபப்படுவதா என்றே தெரியவில்லை.

"வாங்க, அவர் மெஷினைக் காட்டறேன்" என்று எழுந்தார் ஃபோர்மேன்.

ஷெட்டின் இரும்புக் கதவைத் தள்ளியதும் சத்தம் முகத்தில் அறைந்தது. செருப்புக்கடியில் தரை அதிர்ந்தது. பக்கத்திலேயே நின்ற ஃபோர்மேனின் வாய் அசைந்ததே தவிர, ஒரு சொல்லும் அவள் காதில் விழவில்லை. அவர் கைகளால் எதையோ காட்டினார். நாலாம் மெஷின்காரர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். முகம் மலர, ஒரு விரலைத் தூக்கிக் காற்றில் ஆட்டினார். அடுத்தவரும் ஆட்டினார். வரிசையாக எல்லோரும் ஆட்டினார்கள். பென்சிலை ஆட்டுவதுபோல.

வெளியே வந்ததும் கேட்டாள். "என்ன சார் அது?"

"உங்க பேரும்மா. உள்ள தொண்டை கிழியக் கத்தினாலும் கேக்காது. அதனால எங்களுக்கு எல்லாமே கைப்பேச்சுதான். பொம்மலாட்டம் மாதிரி பத்து விரலும் பேசும் அவருக்கு. உங்களுக்கு அந்தப் பேரு வெச்சதும் அவருதான்."

டீச்சரின் கண் நிறைந்தது. கூடவே இத்தனை வருட ஆற்றாமையும் பொங்கிக்கொண்டு வந்தது.

"உங்ககிட்ட விரல் நோகப் பேசியிருக்காரு. வீட்டுல எங்ககிட்ட வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை பேச என்ன சார் கஷ்டம்? நாங்க அப்படி என்ன பாவம் பண்ணினோம்?"

ஃபோர்மேன் சட்டென்று நின்றார். அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா... வேலை போயிடக் கூடாதுன்னு மேனேஜ்மென்ட்கிட்ட நாங்க எல்லாரும் சேர்ந்து மறைச்சோம். அது சரி. உங்கம்மாகிட்டயும் சத்தியம் வாங்கிட்டேன்னு சொன்னாரு. அப்பா பொழப்பு இப்படின்னு தெரிஞ்சா பொண்ணு படிப்பை விட்டுடுவாளாம். ஆனா இந்த நிமிஷம் வரைக்குமா உங்களுக்குச் சொல்லலை?"

"எதை?" என்றாள் டீச்சர்.

"நீங்க மூணாங்கிளாஸ் படிக்கறப்பவே உங்கப்பாவுக்கு ரெண்டு காதும் போயிடுச்சேம்மா!"