நாற்பதில் இரண்டு

வாருங்கள், நந்தனத்தின் இந்த மதில் சூழ்ந்த மைதானத்துக்குள் வந்து சாட்சியாக நில்லுங்கள்! தேநீர் நீட்டிய ஒரு பெண்ணின் கையைப் பார்த்து முகம் சுளிக்கிறார் ஒரு கனவான்.

"நகமெல்லாம் மண்ணு. கை கழுவ மாட்டியாம்மா?"

கேட்டவர் சித்தார்த்தன், கண்ணிவெடி அகற்றும் இயந்திரம் செய்யும் கம்பெனியின் முதலாளி. கைக்குரியவள் தேவானை, ஊரூர் குப்பத்திலிருந்து தினக்கூலிக்கு வந்தவள்.

"கழுவுனேன் சார். இந்த மண்ணு அவ்ளோ லேசுல போவாது."

எதிரே நின்றது அந்த இயந்திரம். அதன் முன்னால் சுழலும் உருளையில் தொங்கும் இரும்புச் சங்கிலிகள் தரையை அடித்து, புதைந்திருப்பதை வெடிக்கச் செய்ய வேண்டும். அன்றைய சோதனைக்காகப் புதைக்கப்பட்டிருந்த பயிற்சி வெடிகள் நாற்பது. அவை உயிரை எடுக்கமாட்டா, பாதத்தைப் பொசுக்கிவிடும். வெடித்தவை முப்பத்தெட்டு.

"தொண்ணூத்தஞ்சு பர்சென்ட் மேடம், டிஸ்டிங்ஷன்! கையெழுத்தைப் போடுங்க. அடுத்த வாரம் வண்டி எல்லைக்குப் போகணும்." சித்தார்த்தன் சான்றிதழ்த் தாளை மேசைமேல் நகர்த்தினார்.

சோதனை அதிகாரி ஜூலியட் பேனாவைத் திறக்கவில்லை. "மிச்சம் ரெண்டு மேல ஒரு சிப்பாய் கால் வைப்பான் சார்."

"அதையெல்லாம் பாத்தா சண்டை போட முடியுமா? உங்க மேலதிகாரிகிட்ட பேசிட்டேன். நீங்க போடலைன்னா உங்க நாற்காலியில உக்காந்து வேற ஒருத்தர் போடுவார்."

"அப்போ எங்க வழக்கப்படி செய்வோம். தரை சுத்தம்னு சொல்றவர்தான் அதுல முதல்ல நடக்கணும். நீங்க நடங்க, நான் போடறேன்."

பளபளத்த காலணி ஓர் அங்குலமும் அசையவில்லை. விரல்தான் நீண்டது, முதலாளிகளின் விரல் என்றும் நீளும் அதே திசையில்!

"ஏம்மா, டீ! நீ அந்தக் கோடி வரைக்கும் போய்ட்டு வா."

ஜூலியட் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தேவானை கண்ணாலேயே அவளை அடக்கினாள்.

"நான் நடந்தா போதுமா சார்? அப்பால பேச்சு மாற மாட்டியே?"

"மாற மாட்டேன். நட!"

"அப்போ நல்லா பாத்துக்கோ."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு இறங்கினாள். ஓரிடத்தில் வளைந்து போனாள். ஓரிடத்தில் எட்டிக் கால் வைத்தாள்.

"பயத்துல எப்படி ஆடறா பாருங்க!" சித்தார்த்தன் சிரித்தார்.

கோடியைத் தொட்டுவிட்டு, போன வழியிலேயே திரும்பி வந்தாள். எதுவும் வெடிக்கவில்லை.

கூலிக்காரியின் பாதத்தையே சான்றிதழாக்கிக்கொண்டு அந்தக் கனவான் கைதட்டினார். "வெறுங்கால்ல ஒருத்தி போய்ட்டு வந்துட்டா! இதுக்கு மேல என்ன மேடம் அத்தாட்சி வேணும்? போடுங்க கையெழுத்த!"

தேவானை அந்தத் தாளை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"இன்னா சார் அவசரம்? நாப்பதையும் பொதச்சதே நான்தான். இப்ப நீ நட!"