காலியாக விட முடியாத வரி

“படிப்புன்னு கேக்குற வரியில உனக்கு என்னத்தப் போடறது?” பனியன் கம்பெனியில் சேர்ந்த அன்று மேனேஜர் கேட்டது செங்கமலத்துக்கு இன்னும் உறுத்தியது. ஆட்களின் பட்டியலைக் கணினியில் ஏற்றுவது இப்போது அவள் வேலை. படிப்பைக் காலியாக விட்டால் கணினி ஏற்றுக்கொள்ளும். மணமானவளுக்குக் கணவர் பெயர் இல்லாவிட்டால் ஏற்காது. அந்தக் கணவர் பெயரைத்தான் அழிக்கச் சொல்லி நின்றாள் தையல் பிரிவு பூவாத்தாள்.

“வீட்டுக்கே வராதவன் இங்க எதுக்குக் கண்ணு குந்தியிருக்கான்?”

“அதை எடுத்தா உங்க பேரே போயிருமுங்கக்கா. நாளைக்கு கார்டைக் காட்டினாலும் கதவு திறக்காது.”

செங்கமலத்தின் விரல் அழிக்கும் பொத்தானுக்கும் மடிக்கும் நடுவே அலைந்தது. பூவாத்தாள் எட்டித் தானே அழுத்தினாள். பட்டியலில் அவள் பெயர் இருந்த இடத்துக்கு அடுத்த பெயர் ஏறி வந்தது. கழுத்திலிருந்த கார்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, பூவாத்தாள் வெளியேறினாள்.