உடையக் கூடாதது

சுத்தியலால் மூன்றாவது முறை அடித்தேன். மாத்திரை கொஞ்சம் தட்டையானது. உடையவில்லை.

"அங்க என்ன, வீடு கட்டுறியா?" பக்கத்து அறையிலிருந்து அப்பா கேட்டார். தொண்டையில் கட்டி வந்த பிறகு அவர் குரல் வெறும் காற்றாகத்தான் வருகிறது.

"சுவர் மட்டும்தான்ப்பா பாக்கி."

சிரிக்கப் பார்த்தார். வலியில் பாதியில் நின்றுவிட்டது.

அப்பாவால் எதையும் முழுசாக விழுங்க முடியாது. இதுவரை வலி மாத்திரையைப் பொடித்து ஆப்பிள் கூழில் கலந்து ஊட்டினேன். நேற்று மருந்துக் கடையில் அது தீர்ந்துவிட்டது. பதிலுக்கு இதைக் கொடுத்தார்கள். அவசரத்தில் பெயரைப் பார்க்காமல் வாங்கி வந்துவிட்டேன். வேறு மாத்திரை எழுதித் தர, எஷ்வைலர் ஊரில் எங்கள் டாக்டர் இனி திங்கட்கிழமைதான் வருவார். ஆஸ்பத்திரிக்குத் திரும்ப அனுப்ப மாட்டேன் என்று அப்பாவுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன்.

வெந்நீரில் போட்டேன். பசையாகிக் கரண்டியில் ஒட்டிக்கொண்டது.

இன்னொன்றை ஃப்ரீசரில் வைத்து எடுத்து அடித்தேன். குளிர்ந்தால் நொறுங்கும் என்று, வேலைக்காகப் போன மாலை வகுப்பில் எழுதிக்கொண்ட ஞாபகம். தப்பாக எழுதியிருப்பேன்.

உண்மையில் இதையெல்லாம் செய்து பார்க்க வேண்டியதே இல்லை. இந்த மாத்திரை எங்கள் ஆலையில், நான் நிற்கும் இயந்திரத்தில்தான் வருகிறது. மருந்து கலந்து உருக்கிய குழம்பு உள்ளே, இன்னொரு குழம்பு அதன்மேல் தோலாக. இரண்டும் ஒரே துளை வழியாக ஒன்றாக வெளிவரும். ஆறியதும் வெட்டுவோம். பிறகு சுத்தியலால் அடித்துப் பார்ப்பேன். ஒன்று நொறுங்கினாலும் அந்த பேட்ச் முழுவதும் குப்பைக்கு.

என் கையில் இதுவரை நொறுங்கியதில்லை.

கட்டில் முனகியது. அப்பா தலையணையைக் கடித்துக்கொண்டிருப்பார்.

பரணில் ஏறி, காப்பிக்கொட்டை அரைக்கும் மிஷினை எடுத்து வந்தேன். ஒரு மாத்திரையைப் போட்டு ஓட்டினேன்.

இரைச்சல் கிளம்பியதும் பக்கத்து அறையிலிருந்து சத்தம் வந்தது. காற்று அல்ல, எங்கிருந்தோ அப்பாவின் பழைய குரல்.

"டோர்பென்! வேண்டாம்டா!"

அண்ணன் டோர்பென் இதில்தான் பொடிப்பான். அம்மாவுக்கு எழுதிக்கொடுத்த வலி மாத்திரைகளை. பொடித்து, போதைக்காக மூக்கில் இழுப்பான். அவனைப் புதைத்துவிட்டு வந்த அன்று அப்பா இதைப் பரணில் போட்டார். அடுத்த வாரம், பொடிக்க முடியாத மாத்திரை செய்யும் ஆலையில் நான் வேலை கேட்டுப் போனேன்.

மிஷினை நிறுத்தினேன். மூடியைத் திறந்தேன்.

மாத்திரை முழுசாக இருந்தது. கொஞ்சம் சூடாக.